வீட்டுக்காரர்

அத்தியாயம் 11

மூன்று நாளாகக் கயல் கேட்கவில்லை.

திங்கட்கிழமை மாலை கணவன் துவானுடைய காரின் டிக்கியில் குடையைத் தேடப் போனவள் கையில் ஒரு காகிதப் பை அகப்பட்டது. உள்ளே கருநீலத்தில் ஆஸ்பத்திரி உடுப்பு இரண்டு ஜோடி. விலைச்சீட்டுகூட இன்னும் கிழிக்கப்படவில்லை. அளவு துவானுடையது. நான்கு வருடத்துக்கு முன்பு ஆஸ்பத்திரி வேலையை உதறிவிட்டு வீட்டைப் பார்த்துக்கொள்ள உட்கார்ந்த கணவனுக்கு இப்போது எதற்கு இந்த உடுப்பு? பையை இருந்த இடத்திலேயே வைத்து அவள் டிக்கியைச் சாத்தியதோடு போன வாரம் நாம் அவளை விட்டுவிட்டு வந்தோம்.

கேட்காததற்குக் காரணம் இருந்தது. அவளிடமும் சொல்லாத சேதி ஒன்று இருந்தது.

அதே திங்கட்கிழமை மத்தியானம்தான் குபெர்டினோ அலுவலகத்தில் தன் மேலதிகாரியிடம் அவள் சரி என்று சொல்லியிருந்தாள். டெக்ஸாஸில் புதிதாகத் தொடங்கும் பிரிவுக்கு அவள்தான் தலைவி. மாதத்தில் இரண்டு வாரம் அங்கே இருக்க வேண்டும். ஆறு வருடமாக அவள் எதிர்பார்த்திருந்த பதவி. "வீட்டில் கேட்க வேண்டுமா?" என்று அந்த மனுஷி கேட்டபோது, "வேண்டாம், என் கணவர் வீட்டில்தானே இருக்கிறார்" என்று கயலின் நாக்கு முந்திக்கொண்டது.

வெளியே வந்த பிறகுதான் சொன்னது என்ன என்று உறைத்தது. அதற்குள் நடந்தது நடந்துவிட்டது.

* * *

வியாழக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு அந்த சான் ஹோசே வீடு வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டியது துவான். ஒரு அடுப்பில் இட்லி வெந்தது. இன்னொன்றில் மகளின் டப்பாவுக்கு முட்டைச் சோறு. நடுவில் மாமனாருக்குக் காப்பி. மாமனார் வந்திறங்கிய அன்றே, வாடை அடிக்குமே என்று, தன் மீன் சாஸ் புட்டியைச் சமையலறையிலிருந்து கராஜ் அலமாரிக்கு நாடு கடத்தியிருந்தான். யாரும் சொல்லிச் செய்ததல்ல.

"பா! வேர் இஸ் மை ரெட் ஹூடி?" என்று மாடியிலிருந்து குரல் கொடுத்தாள் ரோஷினி. எட்டு வயது.

"உலர்த்துற மெஷின் மேல," என்றான் துவான், திரும்பிப் பார்க்காமல்.

துவான் வியட்நாம்காரன். அவர்கள் மொழியிலும் அப்பா என்றால் 'பா'தான். அதனால் அந்த வீட்டில் யார் 'பா' என்று கூப்பிட்டாலும் அவன்தான் என்ன என்பான். கயல் தன் அப்பாவைக் கூப்பிட்டாலும்கூட.

அப்பா திருமூர்த்தி சோபாவில் செய்தித்தாளுக்குப் பதில் டாப்லெட்டை விரித்து வைத்திருந்தார். உடுமலைப்பேட்டை மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான்கு மாதத்துக்கு முன்பு மனைவி நாகமணியோடு ஒரே விமானத்தில் வந்தார். மகன் அகிலனின் மனைவிக்குப் பிரசவம் என்று நாகமணி டெக்ஸாஸில் அவன் இருக்கும் ஆலன் ஊருக்குப் போய்விட்டாள். "பச்சைக் குழந்தை இருக்கற வீட்டுல நீங்க எதுக்கு, மக வீட்டுல இருங்க" என்று இவரை இங்கே இறக்கிவிட்டாள்.

வந்த புதிதில் தான் சாப்பிட்ட தட்டை மருமகன் எடுக்க வந்தபோது திருமூர்த்தி பதறி எழுந்துவிட்டார். "மாப்பிள்ளை கையில எச்சத்தட்டா? விடுங்க, விடுங்க!" என்று அவரும் இழுக்க, அவனும் இழுக்க, தட்டு உடைந்தது. அது முதல் வாரம். இப்போது நாலாவது மாதம்.

"மாப்பிள்ளைங்க, காப்பி ஆச்சுங்களா?" என்றார் சோபாவிலிருந்தே.

"ஆச்சுங்க," என்றான் துவான். 'ங்க' போடப் பழகியிருந்தான்.

கயல் கார்ச் சாவியைக் கையில் எடுத்தாள். அவளுடைய மத்தியானச் சாப்பாடு பையில் தயாராக இருந்தது. இந்தச் சமையலறையில் கடைசியாக அடுப்பைப் பற்றவைத்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தாள். பொங்கலுக்கு. அன்றும் சர்க்கரை எங்கே இருக்கிறது என்று கேட்டுத்தான் எடுத்தாள்.

"கயல், இன்னிக்கு ஆறு மணிக்குள்ள வந்துடுவியா?" என்றான் துவான். அவர்களுக்குள் பேச்சு ஆங்கிலத்தில்தான். நமக்காகத் தமிழில்.

அவன் அப்படிக் கேட்கிறவன் இல்லை. இந்தப் பை விஷயமாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது.

"மீட்டிங் எப்படிப் போகுதுன்னு பார்த்துட்டுச் சொல்றேன்."

அவன் தலையாட்டினான். "சரி, பாஸ்" என்றான். சிரிப்பதற்காகச் சொல்லும் வார்த்தைதான் அது. இன்று இருவருமே சிரிக்கவில்லை.

* * *

பதினோரு மணிக்கு அலுவலகம் முழுவதற்கும் மடல் வந்துவிட்டது. புதிய பிரிவு, புதிய தலைவி, கயல் திருமூர்த்தி. மேஜைக்கு மேஜை கைகுலுக்கல். யாரோ கேக் வாங்கி வரப் போனார்கள்.

சந்தோஷத்தைச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. துவானின் பெயரைத் தொட்டாள், விட்டாள். தம்பி அகிலனுக்குத் தட்டினாள். 'உங்க ஊருக்கு வரேன்டா. மாசத்துல ரெண்டு வாரம். உன் வீட்டு கெஸ்ட் ரூமைக் காலி பண்ணி வை.'

ஒரு பட்டாசுப் படமும் நான்கு இதயமும் பதிலாக வந்தன. யாருக்கும் சொல்லாதே என்று எழுத அவளுக்குத் தோன்றவில்லை.

ஒன்று பத்துக்குப் போன் அடித்தது. தெரியாத எண். ரோஷினியின் பள்ளி அலுவலகம்.

"உங்கள் மகளுக்கு நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல். ரோஷினியின் அப்பாவை நான்கு முறை அழைத்துவிட்டோம், எடுக்கவில்லை. படிவத்தில் இரண்டாவதாக உங்கள் எண் இருந்தது."

இரண்டாவதாக. அந்த வார்த்தையோடுதான் கயல் லிப்ட்டில் இறங்கினாள்.

ஃப்ரீவேயில் துவானுக்குப் போட்டுப் போட்டுப் பார்த்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இந்த நான்கு வருடத்தில் அவன் போனை எடுக்காமல் விட்டதே இல்லை. மாவு பிசைந்த கையோடு எடுப்பான். பல் மருத்துவரின் வாசலில் நின்று எடுப்பான்.

பள்ளிக்குப் போய் முதல் வாசலில் காரை நிறுத்தினாள். பூட்டியிருந்தது. இரண்டாவது வாசலில் ஒரு காவலாளி, "அலுவலகம் அந்தப் பக்கம், அம்மா. புதிதாகச் சேர்க்கிறீர்களா?" என்று அன்பாகக் கேட்டான். மூன்று வருடமாக அவள் மகள் படிக்கும் பள்ளி.

அலுவலகப் பெண் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தாள். "எந்த வகுப்பறை?"

"மூணாம் வகுப்பு."

"மூன்றாம் வகுப்பு நாலு அறை இருக்கிறது. டீச்சர் பெயர்?"

கயலுக்கு அது தெரியாது. அவளுக்குக் கீழே நாற்பத்தாறு பேர் வேலை செய்கிறார்கள். அத்தனை பேரின் பிள்ளைகள் பெயரும் தெரியும்.

"பரவாயில்லை, நானே பார்த்துக்கொள்கிறேன்," என்றாள் அந்தப் பெண். கோபமில்லாமல் அவள் சொன்ன விதம்தான் கயலுக்குச் சுருக்கென்று தைத்தது.

ரோஷினி ஒரு கட்டிலில் சுருண்டு கிடந்தாள். கண்ணைத் திறந்து கயலைப் பார்த்தாள். அப்புறம் கயலுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தாள்.

"வேர் இஸ் பா?"

"பா வேலையா இருக்கார் கண்ணு. அம்மா வந்துட்டேன்ல."

"பா ஆல்வேஸ் கம்ஸ்," என்றாள் குழந்தை. அதற்கு மேல் பேசத் தெம்பில்லாமல் அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். அந்தச் சூடு கயலின் கழுத்தில் ஏறியது.

* * *

வீட்டில் அப்பா மட்டும் இருந்தார்.

"என்ன கண்ணு, புள்ளைக்கு என்னாச்சு?"

"காய்ச்சலுங்கப்பா. அவர் எங்கீங்க?"

"மாப்பிள்ளையா? இன்னிக்கு வியாழக்கிழமையாச்சே. பன்னெண்டு மணிக்கெல்லாம் கெளம்பிப் போயிருவாரு. புள்ளைய ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டுத்தான் திரும்புவாரு. ரெண்டு மாசமா இப்படித்தானே."

"எங்க போறாரு?"

"ஏதோ ஆஸ்பத்திரியில ட்ரெயினிங்குன்னாரு." மகளின் முகத்தைப் பார்த்ததும் அவர் குரல் தணிந்தது. "உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

இரண்டு மாதம். அவள் பையைப் பார்த்தது மூன்று நாளைக்கு முன்பு.

காய்ச்சல் மருந்தைத் தேடினாள். குளியலறை அலமாரியில் இல்லை. சமையலறை இழுப்பறைகளில் இல்லை. ஒன்றைத் திறந்தால் பேட்டரிகள், இன்னொன்றைத் திறந்தால் மடித்து அடுக்கிய துணிப்பைகள். எல்லாம் அதனதன் இடத்தில் ஒழுங்காக இருந்தன. எது எங்கே என்று தெரிந்த ஆள் மட்டும் இல்லை.

"அப்பா, மருந்து எங்கிருக்குன்னு தெரியுங்களா?"

"எனக்கு எங்கம்மிணி தெரியும்?"

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வாசல் கதவு படாரென்று திறந்தது. துவான். கருநீல உடுப்பில். பள்ளிக்குப் போய், பிள்ளை இல்லை என்று தெரிந்து, அப்புறம்தான் போனைப் பார்த்திருக்கிறான் போலிருந்தது. மூச்சு வாங்கியது. கயலைத் தாண்டி நேராகச் சோபாவுக்குப் போனான். குழந்தையின் கழுத்தில் கை வைத்தான். அதன் நெஞ்சு ஏறி இறங்குவதை வாட்சைப் பார்த்தபடி ஒரு நிமிடம் எண்ணினான். பிறகு எழுந்து, ஃப்ரிட்ஜுக்கு மேலிருந்த சின்ன அலமாரியைத் திறந்து மருந்தை எடுத்தான். அங்கே ஓர் அலமாரி இருப்பதே கயலுக்கு நினைவில்லை.

"பா," என்றாள் ரோஷினி. நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

* * *

குழந்தை தூங்கியதும் சமையலறையில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். ஹாலில் அப்பா டாப்லெட்டின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்.

"போன் லாக்கர்ல இருந்தது," என்றான் துவான். "உள்ள கொண்டுபோக விட மாட்டாங்க. மன்னிச்சிடு. இதுவரைக்கும் ஒரு வியாழக்கிழமைகூட இப்படி ஆனதில்ல."

"எத்தனை வியாழக்கிழமை?"

"எட்டு. அதுக்கு முன்னாடி லைசென்ஸைப் புதுப்பிக்க ஒரு வருஷம் படிச்சேன்."

"ஒரு வருஷமா எனக்குத் தெரியாம?"

"டைனிங் டேபிள்லதான் படிச்சேன் கயல். புஸ்தகம் அங்கேயேதான் இருந்தது. நீ எட்டு மணிக்கு வருவ. அதைத் தள்ளிட்டு லாப்டாப்பை வைப்ப."

அவளுக்கு அந்தப் புத்தகம் நினைவுக்கு வந்தது. தடிமனாக, பச்சை அட்டை. ரோஷினியின் நூலகப் புத்தகம் என்று எண்ணியிருந்தாள்.

துவானின் பழைய வேலையைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுவோம். மூச்சு விட முடியாதவர்களுக்குக் கருவி பொருத்தி, அவர்களோடு கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் தெரபிஸ்ட் அவன். பதினோரு வயதில் சைகோனிலிருந்து பெற்றோரோடு இந்த ஊருக்கு வந்தவன், இரவு வேலை பார்த்துப் படித்து வாங்கிய பட்டம் அது. கொரோனாக் காலத்தில், 2021 ஜனவரியில் ஒருநாள் அந்த வேலையை விட்டுவிட்டு வந்தான். மூன்று மாதம் வீட்டில் இருக்கட்டும் என்றுதான் பேச்சு. மூன்று மாதம் நான்கு வருடமானது. முதலில் சமையல், அப்புறம் பள்ளிக்கூடம், அப்புறம் பல் டாக்டர், குழாய் ரிப்பேர், அவளுடைய அப்பாவின் பிரஷர் மாத்திரை என்று வீடு மொத்தமும் அவன் தோளுக்குப் போனதை யாரும் உட்கார்ந்து பேசித் தீர்மானிக்கவில்லை.

"இன்னிக்கு ஆஃபர் குடுத்துட்டாங்க," என்றான். அவன் கண்ணில் ஒரு பளபளப்பு. மறைக்கப் பார்த்தும் முடியவில்லை. "வாரத்துல மூணு நாள். காலைல ஏழுல இருந்து ராத்திரி ஏழு வரைக்கும். சாயங்காலம் உன்கிட்டச் சொல்லணும்னுதான் ஆறு மணிக்கு வரச் சொன்னேன்."

வாரத்தில் மூன்று நாள். அவள் மனம் உடனே கணக்குப் போட்டது. அவள் டெக்ஸாஸில் இருக்கும் இரண்டு வாரமும் காலை ஏழு மணிக்கு இந்த வீட்டில் யார் இருப்பார்கள்? மத்தியானத்திலிருந்து பட்ட அவமானமும், காவலாளியும், இரண்டாவது எண்ணும் ஒன்றாகத் திரண்டு வந்தன. ஆங்கிலம் நழுவிப்போயிற்று. உடுமலைப்பேட்டைத் தமிழ் வந்தது.

"நீ வேலைக்குப் போயி என்ன ஆகப்போகுது? புள்ளைய யாரு பாக்கறது?"

அந்தத் தமிழில் பாதி அவனுக்குப் புரிந்தது. வேலை, பிள்ளை. மீதியை அவள் குரலிலிருந்து தெரிந்துகொண்டான்.

"என்ன சொன்ன?" என்றான்.

கயலால் அதை ஆங்கிலத்தில் சொல்ல முடியவில்லை.

ஹாலிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. மனம் நிறைந்த குரல். "அப்படிக் கேளு கண்ணு! வீடுன்னா ஒருத்தரு பொறுப்பா இருக்கோணும். ரெண்டு பேரும் கெளம்பிட்டா எப்படி?"

அந்தக் குரலைக் கயல் முன்பும் கேட்டிருக்கிறாள்.

தொண்ணூறாம் வருடம். அவளுக்கு ஆறு வயது. உடுமலை டெலிபோன் ஆபீசில் அம்மாவுக்கு ஆபரேட்டர் வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. அம்மா அதைப் புடவை மடிப்பில் வைத்திருந்து, அப்பா சாப்பிட உட்கார்ந்த பிறகு எடுத்து நீட்டினாள். அப்பா ஈரக்கையோடு வாங்கிப் படித்தார். அப்புறம் இதே இரண்டு கேள்வி. வார்த்தை மாறாமல் இதே இரண்டு. அம்மா பதில் சொல்லவில்லை. அவர் தட்டில் இன்னொரு கரண்டி சாம்பாரை ஊற்றினாள். அன்றைக்கு அப்பாவை எவ்வளவு வெறுத்தோம் என்பது கயலுக்கு இன்னும் மறக்கவில்லை. நான் வளர்ந்தால் இந்த மாதிரி ஓர் ஆளைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். கட்டிக்கொள்ளவும் இல்லை.

"ஒண்ணுமில்ல," என்றாள் துவானிடம்.

"இல்ல, சொல்லு."

அந்த நேரம் பார்த்து டாப்லெட் அடித்தது. ஆலனிலிருந்து வீடியோ கால். அப்பா எடுத்தார். கால் வந்தால் மட்டும் சத்தத்தை உச்சத்தில் வைத்துத்தான் பேசுவார்.

"அப்பா! அக்கா சொல்லிட்டாளா?" என்றது அகிலனின் குரல், வீடு முழுக்கக் கேட்கும்படி. "பெரிய ப்ரோமோஷன்! டெக்ஸாஸுக்கு வரப்போறா. மாசத்துல ரெண்டு வாரம் எங்க வீட்லதான்!"

"அப்படியா! என்ற மகளா கொக்கா!" என்று அப்பா எழுந்தே விட்டார்.

பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. கைக்குழந்தை சிணுங்கும் சத்தத்துக்கு நடுவே, அவசரமில்லாத குரல். "ரெண்டு வாரம் இங்கயா? மாப்பிள்ளைகிட்டக் கேட்டுச்சாமா?"

அப்பா டாப்லெட்டைப் பிடித்துக்கொண்டு சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அம்மா மறுபடியும் கேட்டாள். "கயலு? மாப்பிள்ளை சரின்னுட்டாரா கண்ணு?"

"அப்பறம் கூப்பிடறேங்கம்மா," என்று கயல் இங்கிருந்தே கத்தினாள்.

துவான் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான்கு மாதமாக மாமனாரோடு ஒரே வீட்டில் இருப்பவனுக்கு 'ரெண்டு வாரம்' புரியாமல் இருக்குமா? 'டெக்ஸாஸ்' புரியாமல் இருக்குமா?

"மாசத்துல ரெண்டு வாரம்," என்றான் மெதுவாக. "நீ எப்ப யெஸ் சொன்ன?"

"திங்கக்கிழமை."

அவன் தலையை ஆட்டினான். ஒருமுறை, இன்னொருமுறை.

"நான் இன்னும் யெஸ் சொல்லல," என்றான். "நாளைக்குப் பத்து மணி வரைக்கும் டைம் வாங்கியிருக்கேன். உன்னைக் கேட்டுட்டுச் சொல்றேன்னேன்."

உடுப்பைக்கூட மாற்றாமல் கராஜுக்குப் போகும் கதவைத் திறந்துகொண்டு போனான். கதவைச் சாத்தும்போது சத்தம் வராமல் சாத்தினான். பிள்ளை தூங்குகிறதே.

* * *

ஆறரை மணி வரைக்கும் சமையலறையில் விளக்கு எரியவில்லை.

கயல் குழந்தையின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். போனில் வாழ்த்துகள் வந்தபடி இருந்தன. எதற்கும் பதில் போடவில்லை. இரண்டு முறை எழுந்து கராஜ் கதவு வரைக்கும் போய்த் திரும்பினாள். மூன்றாவது முறை எழுந்தபோது அப்பா தொண்டையைச் செருமினார்.

"ராத்திரிக்கு என்ன கண்ணு? மாப்பிள்ளை சமைக்கலீங்களா?"

"இல்லீங்க."

"கோவிச்சுட்டு இருக்காரா? விடு. ஆம்பளை... ஹூம்." சொல்ல வந்த வாக்கியம் எங்கே போய் முடியும் என்று அவருக்கே தெரியாமல் நிறுத்திக்கொண்டார். "நீ கேட்டது சரிதான். நீ மனசப் போட்டுக் கொழப்பிக்காதே."

"நான் கேட்டது தப்புங்கப்பா."

"என்ன தப்பு? இதையே நான் உங்கம்மாகிட்டக் கேட்டப்ப அவ ஒரு வார்த்தை எதுத்துப் பேசலயே."

"பேசலீங்க," என்றாள் கயல். "அம்மா பேசலைங்கறதால நீங்க இன்னும் அது சரின்னு நெனச்சிட்டு இருக்கீங்க."

திருமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"அரிசி அந்தக் கீழ் அலமாரியில இருக்கும்னு நெனைக்கறேன். நீங்க கழுவி வைங்கப்பா. நான் வரேன்."

"நானா?"

"ஆமாங்க."

அவர் எழுந்து போனார். ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து மூடும் சத்தம் பின்னால் கேட்டுக்கொண்டிருக்க, கயல் கராஜுக்குள் போனாள்.

துவான் காருக்குள், ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். எஞ்சின் ஓடவில்லை. அவள் மறுபக்கத்துக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

"கேளு," என்றாள்.

"எதை?"

"என்னைக் கேக்கறதுக்காக வெச்சிருந்தியே. அதை."

அவன் அவளைப் பார்க்கவில்லை. எதிரே சுவரில் சைக்கிள் மாட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு கேட்டான். "நான் வேலைக்குத் திரும்பட்டுமா?"

ஒரு வார்த்தைதான். போ என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் வந்து உட்கார்ந்தாள். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் இன்னொன்று வந்து நின்றது.

"எனக்கு டெக்ஸாஸும் வேணும், துவான்."

"நான் கேட்டதுக்கு அது பதில் இல்ல."

"தெரியும். பொய் சொல்லக் கூடாதுன்னு சொன்னேன்."

அவன் ஸ்டியரிங்கின் விளிம்பை விரலால் தடவினான். அப்புறம் பேசினான்.

"அந்த ஜனவரில ஒரே வாரத்துல பதினோரு பேர் செத்துட்டாங்க. கடைசி ஆள் ஒரு பஸ் டிரைவர். அவர் மகள் பார்க்கறதுக்காக அவர் முகத்துக்கு நேரா போனைப் புடிச்சிட்டு நின்னேன். முடிஞ்சதும் வெளிய வந்து பார்க்கிங்ல கார்ல உக்காந்தேன். திரும்ப உள்ள போக முடியல. நீ வந்து கூட்டிட்டுப் போன."

"ஞாபகம் இருக்கு."

"நீ ஒரு கேள்வி கேக்கல அன்னைக்கு. வீட்ல இருன்னு சொன்ன. அதை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்." உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ஆனா கயல், நாலு வருஷமா நான் அந்தக் கார்லயேதான் உக்காந்திருக்கேன். இந்த எட்டு வியாழக்கிழமையாத்தான் இறங்கி உள்ள போயிட்டு வரேன்."

அவள் கை அவன் கையைத் தேடியது. அவன் விலக்கவில்லை. பிடித்துக்கொள்ளவும் இல்லை.

"நாளைக்கு எட்டு மணிக்கு எனக்கு டெக்ஸாஸோட போன் இருக்கு," என்றாள். "கையெழுத்து இன்னும் போடல."

"என்ன சொல்லப் போற?"

"தெரியல."

வீட்டுக் கதவு திறந்தது. வாசலில் ரோஷினி, போர்வையைத் தரையில் இழுத்தபடி, கன்னம் சிவந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் சமையலறையில் தாத்தா ஏதோ பாத்திரத்தோடு மல்லுக்கட்டும் சத்தம்.

"பா, ஐ வான்ட் வாட்டர்."

துவானின் கை பழக்கத்தில் கார்க் கதவின் பிடிக்குப் போனது. பிடியைத் தொட்டு அங்கேயே நின்றது. பிறகு மெதுவாகத் திரும்பி ஸ்டியரிங்குக்கு வந்தது.

"அம்மா வருவா," என்றான் தமிழில்.

"நோ, ஐ வான்ட் யூ."

"அம்மா வருவா, கண்ணு."

கயல் இறங்கினாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். எட்டு வயது கனத்தது. கடைசியாக எப்போது தூக்கினோம் என்று நினைவில்லை. ரோஷினி முதலில் திமிறினாள். அவள் தோளுக்கு மேலாகக் காரையே பார்த்துக்கொண்டு வந்தாள். பின்னால் கார்க் கதவு திறக்கும், கூடவே வந்துவிடுவான் என்று கயல் எதிர்பார்த்தாள். திறக்கவில்லை.

படுக்கையில் கிடத்தித் தண்ணீர் கொடுத்தாள். கொஞ்சம் சட்டையில் சிந்தியது. துண்டைத் தேடி அலமாரியைத் திறந்தாள், போர்வைகள் இருந்தன. தன் துப்பட்டாவால் துடைத்துவிட்டாள்.

"அம்மா," என்றாள் ரோஷினி. "ஆர் யூ கோயிங் டு டெக்ஸாஸ்?"

தூங்குகிறாள் என்று நினைத்திருந்தார்கள்.

கயல் வாயைத் திறப்பதற்குள் கராஜின் பெரிய கதவு உயரும் சத்தம் கேட்டது. எஞ்சின் உறுமியது. காரின் வெளிச்சம் அறை ஜன்னலைக் குறுக்கே கடந்து, தெருவில் திரும்பி, போயிற்று.

அப்பா அறை வாசலில் வந்து நின்றார். முழங்கை வரை நனைந்திருந்தது. வேட்டியில் அரிசி ஒட்டியிருந்தது.

"மாப்பிள்ளை வண்டிய எடுத்துட்டுப் போறாரே. எங்க கண்ணு போறாரு?"

"தெரியலீங்கப்பா."

எழுந்து போய் ஜன்னலில் பார்த்திருக்கலாம். ஆனால் ரோஷினி அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு, கேட்ட கேள்விக்குப் பதில் வரும் வரை விடப்போவதில்லை என்பதுபோல அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கயல் எழுந்திருக்கவில்லை.